அறிவியலை மக்கள்கிட்ட சொல்றதால நிஜமாவே ஏதாவது மாறுதா?

கேள்வி இதுதான்: ஆராய்ச்சி பண்றது விஞ்ஞானிங்க வேலை, முடிவு சரியா இருந்தா அது தானா நாலு பேருக்குப் போய்ச் சேரும், அப்புறம் எதுக்கு சயின்ஸ் கம்யூனிகேஷன்னு தனியா ஒண்ணு, அப்படியே மெனக்கெட்டு எளிமையா எடுத்துச் சொன்னாலும் ஜனங்க கேக்கவா போறாங்க, இதனால சமூகத்துல நிஜமாவே ஏதாவது மாறியிருக்கா?

மாறியிருக்கு. ஒழுங்கா சொன்னதால சட்டமே மாறியிருக்கு, ஒழுங்கா சொல்லாததால உயிரும் போயிருக்கு, ரெண்டுக்கும் உதாரணம் கீழ தரேன். ஆனா அதுக்கு முன்னாடி "சொன்னா கேப்பாங்களா"ங்கிற அந்த நினைப்பைப் பத்தி பேசியாகணும், ஏன்னா என் அனுபவத்துல பாதி சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. சொல்றவன் ஒரு பக்கம், கேக்குறவன் இன்னொரு பக்கம், சொல்றவனுக்கு எல்லாம் தெரியும், கேக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது, காலி குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி ஊத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு ஒரு நம்பிக்கை. பல வருஷம் இந்தத் துறையே இப்படித்தான் ஓடுச்சு. 1985ல லண்டன் ராயல் சொசைட்டிங்கிற விஞ்ஞானிகள் சங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டாங்க, வால்டர் போட்மர்ங்கிற மரபியல் விஞ்ஞானி தலைமையில தயாரான அறிக்கை, மக்களுக்கு அறிவியல் புரியணும், அதைப் புரிய வைக்கிறது விஞ்ஞானிகளோட கடமைன்னு சொல்லுச்சு. நல்ல நோக்கம், சந்தேகமே இல்ல. அதுக்கப்புறம்தான் நிறைய விஞ்ஞானிங்க லேபை விட்டு வெளிய வந்து பேசவே ஆரம்பிச்சாங்க. ஆனா அதுக்குள்ள ஒரு கணக்கு ஒளிஞ்சிருந்துச்சு: மக்களுக்குத் தகவல் பத்தல, அதான் எதிர்க்கிறாங்க, தகவல் கொடுத்தா ஒத்துக்குவாங்க.

அந்தக் கணக்கு தப்புன்னு அப்புறம் வந்த ஆராய்ச்சி ஒண்ணொண்ணா காட்டுச்சு. டான் கஹான்ங்கிற ஆய்வாளரும் அவர் கூட இருந்தவங்களும் 2012ல அமெரிக்காவுல பண்ண ஆய்வு ஒண்ணு இருக்கு, பருவநிலை மாற்றத்தைப் பத்தி யார் எவ்வளவு கவலைப்படுறாங்கன்னு பாத்தாங்க. அறிவியல் அறிவும் எண்களைக் கையாளுற திறமையும் கூடக் கூட எல்லாரும் ஒரே முடிவுக்கு வரணும் இல்லையா? வரல. அந்தத் திறமை அதிகமா இருந்தவங்க மத்தியிலதான் எதிரெதிர் உலகப் பார்வை இருக்கிற ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல இடைவெளி இன்னும் பெருசா இருந்துச்சு. அதாவது புத்திசாலித்தனத்தை மனுஷன் தன் கூட்டத்தோட நம்பிக்கையைக் காப்பாத்திக்கவும் பயன்படுத்துறான். அதுக்காக தகவலே வேஸ்ட்னு நான் சொல்லல, தகவல் வேணும், ஆனா கேக்குறவங்க மனசுல ஏற்கனவே என்ன கேள்வி ஓடிட்டு இருக்குன்னு தெரியாம கொட்டுற தகவல் எங்கயும் ஒட்டாது.

இதை நல்லா புரிஞ்சுக்க ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், இந்தத் துறைக்கு வர்ற யாரும் இதைத் தெரிஞ்சுக்காம இருக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

1986 ஏப்ரல் 26 செர்னோபில் அணு உலை வெடிச்சது. அதுலேர்ந்து கிளம்புன கதிரியக்க மேகம் பிரிட்டன் மேல வந்த சமயம் பாத்து, மே மாசம் ஆரம்பத்துல, இங்கிலாந்தோட வடமேற்குல கம்ப்ரியா மலைப்பகுதியிலயும் வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகள்லயும் நல்ல மழை, மேகத்துல இருந்த சீசியம்ங்கிற கதிரியக்கப் பொருள் எல்லாம் மண்ணுல இறங்கிடுச்சு. அரசாங்கம் முதல்ல ஆபத்து ஒண்ணும் இல்லன்னாங்க. ஜூன் 20ஆம் தேதி திடீர்னு அந்தப் பகுதி ஆடுகளை விக்கவோ வெட்டவோ கூடாதுன்னு தடை போட்டாங்க, மூணே வாரம்தான், சீசியம் அளவு தானா இறங்கிடும்னு சொன்னாங்க. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னா அவங்க கையில இருந்த கணக்கு களிமண்ணுக்கானது. களிமண்ணுல சீசியம் மண் துகளோட இறுக்கமா ஒட்டிக்கும், வேர் அதை எடுக்க முடியாது, புல்லுக்கு வராது, ஆட்டுக்கும் வராது. ஆனா அந்த மலைமேல இருக்கிறது களிமண் இல்ல, கரிமப் பொருள் நிறைஞ்ச அமிலத்தன்மையுள்ள மண், அதுல சீசியம் ஒட்டாம சுத்திக்கிட்டே இருக்கும், புல் எடுக்கும், ஆடு மேயும், ஆட்டுப் புழுக்கையா திரும்ப மண்ணுக்கு வரும், மறுபடியும் புல். மூணு வாரம்னு சொன்ன தடை முழுசா விலகுனது 2012ல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல. ஆரம்பத்துல பிரிட்டன் முழுக்க கிட்டத்தட்ட 9,800 பண்ணைகள், 40 லட்சத்துக்கும் மேல ஆடுகள் அந்தக் கட்டுப்பாட்டுல இருந்துச்சு.

பிரையன் வின்ங்கிற சமூகவியலாளர் அந்த விவசாயிங்க கிட்ட போய்ப் பேசி எழுதுனதுதான் இன்னிக்கும் இந்தத் துறையில பாடமா இருக்கு. அவர் பாத்த விஷயங்கள்ல எனக்கு மறக்கவே மறக்காதது ரெண்டு. ஒண்ணு, விஞ்ஞானிங்க மண்ணுல பென்டோனைட்னு ஒரு களிமண் தாதுவைத் தூவி அது சீசியத்தைப் பிடிச்சு வைக்குதான்னு பாக்க சோதனை பண்ணாங்க, வேலி போட்டு பாத்தி பாத்தியா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ஆடுகளை அடைச்சு வச்சாங்க. விவசாயிங்க அப்பவே சொன்னாங்க, இந்த ஆடுங்க திறந்த மலையில திரிஞ்சு மேயுறது, அடைச்சு வச்சா உடம்பு இளைச்சுப் போகும், உங்க சோதனை முடிவு ஒண்ணுக்கும் ஆகாதுன்னு. யாரும் காது கொடுக்கல. கொஞ்ச காலம் கழிச்சு அதே காரணத்தால அந்தச் சோதனையை சத்தமில்லாம கைவிட்டுட்டாங்க. ஆடுகளுக்கு வைக்கோல் போடுங்கன்னு ஒருத்தர் ஆலோசனை சொன்னாராம், அந்த ஆடு வைக்கோலைத் திரும்பிக் கூட பாக்காதுன்னு அங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், சொன்னவருக்குத்தான் தெரியல.

ரெண்டாவது இன்னும் ஆழமானது. பக்கத்துலயே விண்ட்ஸ்கேல் அணு நிலையம் இருக்கு, பின்னாடி செல்லாஃபீல்டுன்னு பேர் மாத்தினாங்க. அங்க 1957ல பெரிய தீ விபத்து நடந்துச்சு, சுத்துவட்டாரத்துல கறந்த பாலை எல்லாம் கொட்டச் சொன்னாங்க, விபத்தைப் பத்தின முழு விசாரணை அறிக்கையை அப்ப வெளியிடல, 1988ல தான் வெளிய வந்துச்சு. அந்த நினைப்புல விவசாயிங்க கேட்ட கேள்வி நேரானது: இந்த சீசியம் செர்னோபில்லேர்ந்துதான் வந்துச்சா, இல்ல ஏற்கனவே இங்க இருந்துச்சா, முன்னாடி அளந்து பாத்திருக்கீங்களா, அந்தக் கணக்கைக் காட்டுங்க. விஞ்ஞானிங்க முதல்ல அடிச்சுச் சொன்னாங்க, எல்லாம் செர்னோபில்தான், சீசியத்தோட ரெண்டு வகை எந்த விகிதத்துல இருக்குன்னு பாத்தாலே தெரியும்னு. பிறகு அதுல ஒரு பெரிய பங்கு பழைய அணுகுண்டு சோதனைகள்லேர்ந்தும் விண்ட்ஸ்கேல்லேர்ந்தும் வந்ததுன்னு தெரிய வந்துச்சு.

இப்ப சொல்லுங்க, இந்த விவசாயிங்களுக்கு "அறிவியல் அறிவு பத்தல"ன்னு சொல்ல முடியுமா? மூணு வாரம்ங்கிற கணிப்பு மண் வகையால தப்பாச்சு, சோதனை ஆட்டோட குணத்தால தப்பாச்சு, ரெண்டுமே அந்த மலையில பிறந்து வளர்ந்தவங்க கிட்ட கேட்டிருந்தா முன்னாடியே கிடைச்சிருக்கிற விஷயம். அதனால சயின்ஸ் கம்யூனிகேஷன்னு சொல்லும்போது நான் எப்பவும் ரெண்டு திசையையும் சேத்துத்தான் சொல்றேன். கேக்காம சொல்றது அறிவிப்பு மட்டும்தான்.

பிரிட்டனுக்கு இந்தப் பாடம் உறைக்க இன்னொரு அடி தேவைப்பட்டுச்சு. மாடுகளுக்கு பைத்திய நோய் பரவுன சமயம், 1990ல, விவசாயத் துறை அமைச்சர் டிவி கேமரா முன்னாடி தன் சின்னப் பொண்ணு கையில மாட்டிறைச்சி பர்கரைக் கொடுத்து பயப்பட ஒண்ணும் இல்லன்னு காட்டினார். 1996 மார்ச்ல அரசாங்கமே பார்லிமென்ட்ல எழுந்து, மனுஷங்களுக்கு வந்திருக்கிற புது மூளை நோய்க்கு அந்த மாட்டிறைச்சிதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்ல வேண்டி வந்துச்சு. அந்த நோயால பிரிட்டன்ல 170 பேருக்கு மேல செத்துப்போனாங்க. 2000ல அவங்க மேல்சபை கமிட்டி ஒண்ணு வெளியிட்ட அறிக்கை நம்பிக்கை நெருக்கடின்னே எழுதுச்சு, பாடம் எடுக்கிறதை விட்டுட்டு உரையாடலுக்கு வாங்கன்னு கேட்டுக்கிச்சு.

இங்கதான் நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம். மக்களோட நம்பிக்கையை உடைக்கிறது தெரியாததை ஒத்துக்கிறது கிடையாது, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றது. "ஜனங்க பயந்துடுவாங்க, குழம்பிடுவாங்க, அதனால உறுதியா ஒரே எண்ணைச் சொல்லு" அப்படிங்கிற எண்ணம் அதிகாரிகள் கிட்டயும் விஞ்ஞானிகள் கிட்டயும் ரொம்ப ஆழமா இருக்கு, அது கெட்ட எண்ணம் கூட இல்ல, அக்கறையில வர்றது. ஆனா அதோட விலை என்னன்னு பாருங்க.

1997 ஏப்ரல், அமெரிக்காவுல வடக்கு டகோட்டா மாநிலத்துல கிராண்ட் ஃபோர்க்ஸ்னு ஒரு நகரம், ரெட் ரிவர் கரையில இருக்கு. அந்த வருஷம் பனி அதிகம், உருகினா வெள்ளம் வரும்னு எல்லாருக்கும் தெரியும். வானிலைத் துறை ஆத்துத் தண்ணி 49 அடி வரைக்கும் வரும்னு சொன்னாங்க. நகரத்தோட தடுப்புக் கரை 51 அடி வரைக்கும் தாங்கும். ரெண்டு அடி மிச்சம் இருக்கேன்னு ஊர் நிம்மதியா இருந்துச்சு. ஆனா அந்தத் துறையோட பழைய கணிப்புகள் எவ்வளவு தூரம் பிசகியிருக்குன்னு பாத்தா இந்த 49ங்கிறது 9 அடி மேலயும் போகலாம் 9 அடி கீழயும் போகலாம்ங்கிற அளவுல இருந்த எண். அதாவது கரை மூழ்க மூணுல ஒரு பங்கு வாய்ப்பு இருந்துச்சு. அதை ஊருக்குச் சொல்லல. நிச்சயமில்லாததைச் சொன்னா ஜனங்க கணிப்பு மேலயே நம்பிக்கை இழந்துடுவாங்கன்னு நினைச்சாங்க, பின்னாடி ஆய்வாளர்கள் கிட்ட அவங்களே அப்படிச் சொல்லியிருக்காங்க. தண்ணி 54 அடிக்கு வந்துச்சு. ஆத்தோட ரெண்டு கரையிலயும் சேத்து ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினாங்க, வெள்ளத்துக்கு நடுவுல நகர மையத்துல தீ பிடிச்சு 11 கட்டிடம் எரிஞ்சுது. மணல் மூட்டை அடுக்கி கரையை இன்னும் உசத்தியிருக்கலாம், சாமானை மேல ஏத்தியிருக்கலாம், முன்னாடியே கிளம்பியிருக்கலாம், இத்தனைக்கும் வழி இருந்துச்சு, ஆனா 49ங்கிற ஒத்தை எண்ணை வச்சு யார் அதெல்லாம் செய்வாங்க?

இத்தாலியில லாக்விலா நகரத்துல நடந்தது இதை விட வேதனை. 2009 ஆரம்பத்துலேர்ந்து அங்க சின்னச் சின்ன நிலநடுக்கம் தொடர்ந்து வந்துட்டே இருந்துச்சு, ஒரு டெக்னீஷியன் நிலத்துலேர்ந்து கசியுற ரேடான் வாயுவை அளந்து பெருசு வரப்போகுதுன்னு வேற சொல்லிட்டு இருந்தார், ஊரே பதட்டத்துல இருந்துச்சு. மார்ச் 31 நிபுணர் குழு கூடுச்சு. கூட்டம் நடக்கிறதுக்கு முன்னாடியே சிவில் பாதுகாப்புத் துறையோட துணைத் தலைவர் டிவிக்குப் பேட்டி கொடுக்கும்போது, சின்ன அதிர்வுகள் மூலமா ஆற்றல் வெளியேறிட்டே இருக்கிறது நல்லதுதான், ஆபத்து இல்லைங்கிற அர்த்தத்துல பேசிட்டார். நிலநடுக்க அறிவியல் அப்படிச் சொல்லவே இல்ல, சின்னது நிறைய வந்தா பெருசு வராதுன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஏப்ரல் 5 ராத்திரி ஒரு அதிர்வு. அந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா ஒரு வழக்கம் இருந்துச்சு, அதிர்வு வந்தா வீட்டை விட்டு வெளிய வந்து திறந்த வெளியில ராத்திரியைக் கழிக்கிறது. அன்னிக்கு சில குடும்பங்கள், நிபுணர்களே சொல்லிட்டாங்களேன்னு, உள்ளயே தூங்கினாங்க. விடிகாலை 3.32க்கு பெரிய நிலநடுக்கம், அளவு 6க்கு மேல, 309 பேர் இறந்தாங்க.

2012ல ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு வருஷம் சிறைன்னு தீர்ப்பு வந்தப்ப உலகம் முழுக்க "நிலநடுக்கத்தைக் கணிக்கலன்னு விஞ்ஞானிகளுக்கு ஜெயிலா"ன்னு கொதிச்சாங்க. 2014 மேல்முறையீட்டுல விஞ்ஞானிங்க ஆறு பேரும் விடுதலை ஆனாங்க, அது சரியான முடிவுன்னுதான் நானும் நினைக்கிறேன், அதிகாரிக்கு மட்டும் தண்டனை ரெண்டு வருஷமா குறைஞ்சு நின்னுச்சு. ஆனா வழக்கு போட்ட குடும்பங்கள் கேட்டது ஏன் கணிக்கலன்னு இல்ல. ஏன் பயப்பட வேண்டாம்னு சொன்னீங்கன்னுதான் கேட்டாங்க. எங்களுக்குத் தெரியல, நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்கன்னு சொல்லியிருந்தா அந்த ராத்திரி அவங்களோட பழக்கம் அவங்களைக் காப்பாத்தியிருக்கும்.

சரி, நிச்சயமில்லாததை வெளிப்படையா சொன்னா அதை வச்சு விளையாடுறவங்க வருவாங்களேன்னு அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. சிகரெட் கம்பெனிகள் அதைத்தான் செஞ்சாங்க. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குன்னு 1950கள்லயே ஆதாரம் வந்தாச்சு, அவங்க பதில் "இன்னும் முடிவா நிரூபிக்கல"ங்கிறது. 1969ல ஒரு கம்பெனியோட உள் குறிப்பு பின்னாடி வெளிய வந்துச்சு, எங்க சரக்கே சந்தேகம்தான்னு அதுல எழுதி வச்சிருந்தாங்க. அதனால ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியணும். நேர்மையா சொல்றவங்க எது தெரியும், எது தெரியாது, தெரியாததோட அளவு எவ்வளவு, எதைப் பாத்தா தெரிய வரும்னு சேத்துச் சொல்லுவாங்க. வியாபாரத்துக்காகச் சந்தேகம் கிளப்புறவங்க "இன்னும் உறுதியாகல"ன்னு மொட்டையா விட்டுட்டுப் போவாங்க, அளவே சொல்ல மாட்டாங்க. கேம்பிரிட்ஜ்ல புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் குழு 2020ல வெளியிட்ட ஆய்வும் இதுக்குப் பக்கத்துலதான் வருது: ஒரு எண்ணோட நிச்சயமின்மையை இத்தனையிலேர்ந்து இத்தனை வரைக்கும்னு எண்ணாவே சொன்னா மக்களோட நம்பிக்கை பெருசா குறையல, வெறும் வார்த்தையில மேலோட்டமா சொன்னாதான் கூடுதலா குறைஞ்சுது.

கொரோனா சமயத்துல இது எல்லாருக்கும் நேராவே தெரிஞ்சுது. 2020 மார்ச் 28 உலக சுகாதார நிறுவனம் இது காத்து வழியா பரவாது, இது உண்மைன்னு தலைப்பு போட்டு ட்வீட் பண்ணாங்க. அந்த நேரத்துல கையில இருந்த ஆதாரம் அவ்வளவு உறுதியைத் தாங்காது. பிறகு ஆதாரம் சேந்து நிலைப்பாடு மாறுனப்ப, அறிவியல் தன்னைத் திருத்திக்குதுன்னு யாரும் பாக்கல, "அன்னிக்கு ஒண்ணு சொன்னாங்க இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க"ன்னுதான் பாத்தாங்க. முதல் நாளே "இப்போதைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவு, மாறலாம், மாறினா சொல்றோம்"னு சொல்லியிருந்தா அந்த மாற்றம் வாக்கு காப்பாத்துற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

எண்களைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா பொய்யே சொல்லாம ஒரு எண்ணை வச்சு ஆளைக் கவுத்துட முடியும். 1995 அக்டோபர்ல பிரிட்டன்ல மருந்து பாதுகாப்புக் கமிட்டி ஒரு எச்சரிக்கை விட்டாங்க, புது வகை கருத்தடை மாத்திரையால ரத்தம் உறையுற ஆபத்து ரெண்டு மடங்கு ஆகுதுன்னு. ரெண்டு மடங்குங்கிறது உண்மைதான். எதுலேர்ந்து எதுக்குன்னா, 7,000 பொண்ணுங்கள்ல ஒருத்தருக்கு இருந்தது ரெண்டு பேருக்கு ஆச்சு. செய்தியில போனது ரெண்டு மடங்கு மட்டும். பயந்துபோய் நிறைய பேர் மாத்திரையை நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல கருக்கலைப்பு ஏறக்குறைய 13,000 கூடுதலாச்சுன்னு மதிப்பிட்டிருக்காங்க. இதுல கொடுமை என்னன்னா கர்ப்பமா இருக்கும்போது ரத்தம் உறையுற ஆபத்து அந்த மாத்திரையை விட அதிகம்.

இன்னொரு எண், 95 சதவீதம். கொரோனாவுக்கான ஃபைசர் தடுப்பூசி 95% திறன்னு செய்தி வந்ததும் நிறைய பேர் புரிஞ்சுக்கிட்டது, ஊசி போட்ட 100 பேர்ல 5 பேருக்கு நோய் வரும்னு. இது எங்கேர்ந்து வந்த எண்ணுன்னு பாப்போம். சோதனையில கிட்டத்தட்ட 43,000 பேர், பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் உப்புநீர். நோய் வந்தவங்க மொத்தம் 170 பேர், அதுல 162 பேர் உப்புநீர்க் கூட்டம், 8 பேர் ஊசிக் கூட்டம். ஊசி இல்லாம 162 வந்திருக்க வேண்டிய இடத்துல 8தான் வந்துச்சு, அதாவது 95% குறைஞ்சுது, அவ்வளவுதான் அந்த எண். 100க்கு 5 பேர்னா இருபதாயிரத்துக்கு மேல இருக்கிற ஊசிக் கூட்டத்துல ஆயிரம் பேருக்கு மேல நோய் வந்திருக்கணும், வந்தது எட்டு. இன்னொண்ணும் சொல்லாம விட்டாங்க: அவங்க அளந்தது ரெண்டாவது டோஸுக்கு 7 நாள் கழிச்சு அறிகுறியோட வர்ற நோயை, சராசரியா ரெண்டு மாசம் மாதிரி கவனிச்சு. அறிகுறியே இல்லாம தொத்துதா, அடுத்தவங்களுக்குப் பரவுதா, ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்ங்கிறது அந்த எண்ணுக்குள்ள இல்லவே இல்ல. அதைச் சேத்துச் சொல்லியிருந்தா, ஊசி போட்டவருக்கும் தொத்துச்சுன்னதும் "எல்லாம் ஏமாத்து"ன்னு கிளம்புன கோபம் பாதிக்கு மேல கிளம்பியே இருக்காது.

இதுக்கெல்லாம் மீடியாதான் காரணம்னு விஞ்ஞானிங்க சொல்றது வழக்கம். முழு உண்மை இல்ல. 2014ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணுல, பிரிட்டன்ல 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை மூல ஆராய்ச்சிக் கட்டுரையோடயும் கடைசியா வந்த செய்தியோடயும் வச்சு ஒப்பிட்டாங்க. எலி மாதிரி விலங்குகள்ல பாத்ததை மனுஷனுக்கே பொருந்துற மாதிரி ஊதிச் சொல்றது 36% குறிப்புகள்ல ஏற்கனவே இருந்துச்சு, நிருபர் கைக்குப் போறதுக்கு முன்னாடியே. குறிப்புல ஊதியிருந்தா 86% செய்தியும் ஊதியிருந்துச்சு, குறிப்பு நேர்மையா இருந்தப்ப 10% செய்திதான் ஊதுச்சு. இத்தனைக்கும் ஊதுனதால கூடுதலா செய்தி வந்துச்சுன்னும் தெரியல. அதனால "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு"ன்னு பாத்தா முதல்ல தேட வேண்டியது, யார் மேல சோதிச்சாங்க, எத்தனை பேரு, எதோட ஒப்பிட்டாங்க. இந்த மூணும் செய்தியில இல்லன்னா அதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க.

நல்லா நடந்ததும் இருக்கு. ஓசோன் கதை எல்லாருக்கும் ஓரளவு தெரியும், வேகமா சொல்லிடறேன்: 1974ல மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், ஸ்ப்ரே டப்பாவுலயும் ஃபிரிட்ஜுலயும் இருக்கிற சிஎஃப்சி வாயு மேல போய் ஓசோனை அழிக்கும்னு கட்டுரை போட்டாங்க, போட்டுட்டு சும்மா இருக்கல, பத்திரிகைல பேசினாங்க, அரசாங்கக் குழுக்கள் முன்னாடி சாட்சி சொன்னாங்க, விஞ்ஞானி இப்படி வெளிய பேசலாமான்னு சொந்தத் துறையிலயே முகம் சுளிச்சவங்க உண்டு, தொழிற்சாலைக்காரங்க எதிர்த்தாங்க. 1978ல அமெரிக்கா ஸ்ப்ரேல அதைத் தடை பண்ணுச்சு, 1985ல அண்டார்டிகா மேல ஓசோன் பயங்கரமா குறைஞ்சிருக்குன்னு பிரிட்டிஷ் குழு அளந்து சொன்னாங்க, 1987ல சிஎஃப்சி மாதிரி வாயுக்களைக் குறைக்க மான்ட்ரியல் ஒப்பந்தம், இப்ப ஐநாவுல இருக்கிற எல்லா நாடும் அதுல சேந்திருக்கு. அங்க மக்களுக்குப் போன செய்தியில பிரச்சனையும் இருந்துச்சு, கையில இருக்கிற டப்பாவை மாத்தினா போதும்னு செய்யக்கூடிய ஒரு காரியமும் இருந்துச்சு. செய்ய ஒண்ணும் இல்லாம பயத்தை மட்டும் கொடுத்தா ஆளு காதை மூடிக்குவான், அது இயல்பு.

ஆனா "சமூகத்துக்கு என்ன பயன்"ங்கிறதுக்கு என்னோட முதல் உதாரணம் ஓசோன் இல்ல, தென்னாப்பிரிக்கா. 1999ல தாபோ எம்பெக்கி அதிபரா வந்தார், எச்ஐவியாலதான் எய்ட்ஸ் வருதாங்கிறதையே பொதுவெளியில கேள்வி கேட்டார், மருந்து கொடுக்கிறதை அரசாங்கம் இழுத்தடிச்சுது. நெவிரபின்னு ஒரு மாத்திரை, பிரசவ வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரு டோஸ், பிறந்த குழந்தைக்கு ஒரு டோஸ், இவ்வளவுதான், தாய்கிட்டேர்ந்து குழந்தைக்குத் தொத்துறதைக் கிட்டத்தட்ட பாதியா குறைக்குதுன்னு உகாண்டாவுல பண்ண ஆய்வு 1999லயே காட்டிடுச்சு. மருந்துக் கம்பெனி அஞ்சு வருஷம் இலவசமா தரேன்னும் சொல்லியாச்சு. அப்பவும் அரசாங்கம் ஒரு மாகாணத்துக்கு ரெண்டு இடத்துல மட்டும்தான் சோதனை முயற்சியா கொடுப்போம்னாங்க. ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னாடி போட்ட கணக்குப்படி, 2000லேர்ந்து 2005 வரைக்கும் இந்தக் கொள்கையால போன உயிர் 3,30,000க்கும் மேல.

இதை எதிர்த்து நின்னது ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பைன்னு 1998 டிசம்பர்ல ஆரம்பிச்ச அமைப்பு. அவங்க போராட்டம், ஊர்வலம், வழக்கு எல்லாம் பண்ணாங்க, ஆனா எல்லாத்துக்கும் அடியில ஓடுனது சிகிச்சைக் கல்வின்னு ஒரு வேலை. பெருசா பள்ளிப் படிப்பு இல்லாத, வேலை இல்லாத, நிறைய பேர் எச்ஐவியோடயே வாழ்ந்துட்டு இருந்த சாதாரண ஆளுங்க பயிற்சி எடுத்துக்கிட்டு கிளினிக் வாசல்லயும் குடியிருப்புகள்லயும் போய் உக்காந்து அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. வைரஸ் உடம்புக்குள்ள எந்த செல்லுக்குள்ள நுழையுது, சிடி4 எண்ணிக்கைன்னா என்ன, அது குறைஞ்சா ஏன் சாதாரண கிருமி கூட ஆளைச் சாய்க்குது, மாத்திரையை நடுவுல விட்டா ஏன் மருந்து வேலை செய்யாம போயிடும், பக்கவிளைவு என்னென்ன வரும், எது தானா போயிடும், எதுக்கு உடனே டாக்டர்கிட்ட போகணும்னு. பக்கவிளைவை மறைக்கல, அது ரொம்ப முக்கியம், ஏன்னா மருந்து விஷம்னு ஒரு பக்கம் பிரசாரம் ஓடிட்டு இருந்த நேரம், மறைச்சிருந்தா முதல் வாந்தியிலயே எல்லாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பாங்க.

அந்த ஆளுங்க யாரும் காலி மண்டையா இருக்கல. உயிர் அவங்களோடது, கேள்வி அவங்களோடது, பதிலை அவங்க மொழியில, அவங்களை மாதிரி ஒருத்தர் வந்து சொன்னப்ப, வெளிய இருந்து பாக்குறவங்க கஷ்டம்னு நினைச்ச அறிவியல் அவங்களுக்குத் தெரிய வந்துச்சு, தெரிஞ்சதும் உரிமையா கேக்கத் தைரியம் வந்துச்சு. 2002 ஜூலை 5 தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம், நெவிரபின் மேல போட்ட கட்டுப்பாட்டை நீக்கணும்னு அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டுச்சு. 2003 கடைசியில அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல எச்ஐவி மருந்து கொடுக்கிற திட்டத்துக்கு ஒப்புதல் வந்துச்சு, 2004லேர்ந்து மருந்து போகத் தொடங்குச்சு, பிறகு உலகத்துலயே பெரிய எச்ஐவி சிகிச்சைத் திட்டமா அது வளர்ந்துச்சு. மருந்து வந்ததும் அந்த வேலை நிக்கல, வாழ்நாள் முழுக்க விடாம சாப்பிட வேண்டிய மாத்திரை, அதை ஏன் விடக்கூடாதுன்னு கிளினிக்குக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்லியாகணும்.